கராஜ் கதவின் ஸ்பிரிங்: புதிதாக வீடு வாங்கிய பிள்ளைகளுக்கு

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் என்று ரொறன்ரோவைச் சுற்றி வீடு வாங்கும் நம் பிள்ளைகள் சமையலறையை வடிவாகப் பார்க்கிறார்கள். பேஸ்மென்டில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கூரைக்கு எத்தனை வயது என்று கேட்கிறார்கள். கராஜுக்குள் நின்று, கதவுக்கு மேலே நிமிர்ந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. வீட்டில் அசையும் பொருட்களில் ஆகப் பெரியது அந்தக் கதவுதான். அதைத் தாங்கி நிற்கும் ஸ்பிரிங் ஒருநாள் நிச்சயமாக முறியும். நெடுங்காலம் கராஜ் கதவு திருத்தும் வேலையில் நின்றவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

1. கதவைத் தூக்குவது மோட்டார் என்று நினைக்காதீர்கள். இரண்டு கார் விடும் கராஜுக்கு 16 அடி அகலம், 7 அடி உயரத்தில் கதவு இருக்கும். நுரைக் காப்பு வைத்த உருக்குக் கதவானால் 150 முதல் 200 இறாத்தல் வரை வரும். பலகைக் கதவு இன்னும் பாரம். முகட்டில் தொங்கும் அரைக் குதிரைவலு மோட்டாரை இந்தப் பாரத்தைச் சுமக்கவென்று செய்யவில்லை. ஊரில் கிணற்றுத் துலாவைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: பட்டையை மேலே கொண்டுவருவது துலாவின் பின்பாரம், இறைப்பவர் வழி மட்டும் காட்டுகிறார். இங்கே பின்பாரம் ஸ்பிரிங். அது நன்றாக இருந்தால் அத்தனை பெரிய கதவை ஒரு கையால் தூக்கலாம். இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

2. உங்கள் வீட்டில் எந்த வகை ஸ்பிரிங் என்று இன்றைக்கே பாருங்கள். கதவுக்கு மேலே, சுவரோடு குறுக்காக ஓடும் தண்டில் கோத்திருந்தால் அது முறுக்கு ஸ்பிரிங். தண்டின் இரு முனையிலும் ட்ரம் இருக்கும். அதிலிருந்து இறங்கும் கேபிள் கதவின் அடி மூலைகளைப் பிடித்திருக்கும். சில கதவுகளில் இந்த ஸ்பிரிங் ஒரு குழாய்க்குள் மறைந்திருக்கும். முறிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மற்ற வகை இழுவை ஸ்பிரிங். கதவு மேலே போகும் பாதையில், இரு பக்கமும் ட்ராக்குக்கு மேலாக நீளமாக இருக்கும். கதவு மூடியிருக்கும்போது இழுபட்டு நிற்கும். இந்த வகை என்றால் அதன் நடுவால் ஒரு பாதுகாப்புக் கேபிள் ஓடுகிறதா என்று பாருங்கள். அந்தக் கேபிள் இல்லாத இழுவை ஸ்பிரிங் முறிந்தால் துண்டு பறக்கும். கார்க் கண்ணாடியும் உடையலாம், ஆளிலும் படலாம். இல்லையென்றால் இந்தக் கிழமையே போடுவியுங்கள்.

3. வயதைக் கணக்கிடுங்கள். சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 முறை என்று ஆயுள் சொல்வார்கள். திறந்து மூடுவது சேர்ந்து ஒரு முறை. நாளுக்கு நான்கு முறை என்றால் வருடத்துக்கு 1,460. ஏழு வருடத்தில் ஆயுள் முடிகிறது. ஆனால் நம் வீடுகளில் முன்கதவு விருந்தாளிக்கும் கலியாணப் படத்துக்கும்தான். வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடக்கப் போகும் தாத்தா, பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர் எல்லோரும் கராஜால்தான் போய்வருகிறார்கள். நாளுக்கு எட்டு முறை என்றால் மூன்றரை வருடம்கூட வராது. மாற்றும்போது 20,000 அல்லது 25,000 முறைக்கான ஸ்பிரிங்கைக் கேளுங்கள். கம்பி தடிப்பாகவும் ஸ்பிரிங் நீளமாகவும் இருக்கும், விலை சற்றுக் கூட. கூலி இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

4. முறியும் நாளுக்கு ஆயத்தமாக இருங்கள். பெரும்பாலும் கடுங்குளிரில், காலையில் முதல்முறை கதவைத் திறக்கும்போது முறியும். களைத்த உருக்கு குளிரில் எளிதாக ஒடியும். முறுக்கு ஸ்பிரிங் முறியும் சத்தம் துப்பாக்கி வெடிதான். வீடு முழுக்கக் கேட்கும். போரைக் கண்டு வந்த அம்மா அப்பாமார் அந்தச் சத்தத்துக்கு நடுங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். கராஜிலிருந்து இப்படியொரு சத்தம் வரலாம் என்று வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சத்தத்தைக் கேட்காவிட்டாலும் அடையாளங்கள் உண்டு. ஸ்பிரிங்கின் நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி தெரியும். கதவு ஐந்தாறு அங்குலம் எழும்பி நின்றுவிடும். கேபிள் தொய்ந்து கிடக்கும். கதவு ஒருபக்கம் சரிந்து வரும். இவற்றில் எதைக் கண்டாலும் பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள். மோட்டாரின் பல்லுச்சக்கரம் தேயும், கதவின் மேற்பலகை வளையும். ஸ்பிரிங் செலவோடு போகவேண்டியது மூன்று செலவாகும். ஆனால் குளிர்காலத்தில் கதவின் அடி ரப்பர் ஐஸில் ஒட்டிக்கொண்டாலும் கதவு எழும்பாது. முதலில் நிலத்தைப் பாருங்கள், பிறகு ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

5. கதவு திறந்திருக்கும்போது முறிந்தால், மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுக்கவே கூடாது. அந்த நேரத்தில் கதவைப் பிடித்திருப்பது மோட்டார் ஒன்றுதான். கயிற்றை இழுத்தால் 200 இறாத்தலும் ஒரேயடியாக விழும். கீழே யாரும் போகாமல் பாருங்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள், வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.

6. கார் உள்ளே மாட்டிக்கொண்டால் அன்றைக்கு டாக்ஸியில் போங்கள். தவிர்க்கவே முடியாத அவசரம் என்றால், மூடிய கதவில் மட்டும், சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைப் பிரித்த பிறகு, திடமான இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்கலாம். முதுகு வளையாமல், கால் பலத்தால் தூக்கி, ரோலருக்குக் கீழே ட்ராக்கில் பூட்டுக் குறடு போட்டு இறுக்கிய பிறகுதான் கையை எடுக்க வேண்டும். இறக்கும்போதும் அதே ஆட்கள் வேண்டும். பலகை இடுக்குகளில் விரல் வைக்காதீர்கள்.

7. முறுக்கு ஸ்பிரிங்கை நீங்களே மாற்றாதீர்கள். கைவேலை தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். தெரியாதவர்கள் எப்படியும் தொடமாட்டார்கள். 7 அடிக் கதவுக்கு ஸ்பிரிங்கை ஏறக்குறைய ஏழரைச் சுற்று முறுக்க வேண்டும். கால் சுற்றாக, முப்பது தடவை. 18 அங்குல உருக்குத் தண்டுகள் இரண்டை மாறி மாறித் துளையில் செருகி முறுக்குவோம். ஒவ்வொரு தடவையும் கைக்கு வரும் விசை கூடிக்கொண்டே போகும். தண்டு வழுகினால் அது சுழன்று வரும் பாதையில் இருப்பது உங்கள் கையும் முகமும். தண்டுக்குப் பதில் ஸ்குரூடிரைவரைச் செருகி எலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள். பழையதைக் கழற்றுவதும் ஆபத்துதான்: இரண்டில் ஒன்று முறிந்தாலும் மற்றது முழு முறுக்கோடு நிற்கும். அதேபோல் கதவின் அடி மூலையில் கேபிளைப் பிடித்திருக்கும் தகட்டின் ஆணியையும் தளர்த்தாதீர்கள். பல கதவுகளில் அதற்குச் சிவப்பு நிறம் பூசியிருப்பார்கள். அந்தத் தகட்டில் கதவின் பாரம் முழுக்கத் தொங்குகிறது. வீடியோவில் இருபது நிமிடத்தில் முடித்துக் காட்டுகிறார்கள். விசை கூடுவதை வீடியோவில் உணர முடியாது.

8. உங்கள் கைக்குரிய வேலை ஒன்று உண்டு, அதைத் தவறாமல் செய்யுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கொருமுறை, கதவு மூடியிருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைப் பிரியுங்கள். கதவைக் கையால் இடுப்பளவு தூக்கி, மெல்ல விட்டுப் பாருங்கள். நின்ற இடத்தில் நின்றால் நல்லது. கீழே இறங்கினால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. தானாக மேலே போனால் முறுக்கு அளவுக்கு மிஞ்சிவிட்டது. இரண்டிலும் ஆளைக் கூப்பிடுங்கள். குளிர் தொடங்க முன் ஸ்பிரிங் மேல் கராஜ் கதவுக்கான சிலிக்கன் அல்லது லித்தியம் ஸ்பிரே அடியுங்கள். சாதாரண டபிள்யூ-டி-40 இதற்கு நிலைத்து நிற்காது. ட்ராக்குக்கு எண்ணெய் வேண்டாம், துடைத்தால் போதும்.

9. ஆளைக் கூப்பிடும்போது மொத்தச் செலவைப் போனிலேயே கேளுங்கள். இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். ஒன்றாகப் போட்டவை ஏறக்குறைய ஒன்றாகவே போகும், சில மாதத்தில் இரண்டாம் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். வந்தவர் கம்பியின் தடிப்பையும் ஸ்பிரிங்கின் உள்விட்டத்தையும் நீளத்தையும் அளக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அளக்காமல் தன் வாகனத்திலிருக்கும் ஏதோ ஒன்றைப் போடுபவர், கதவுக்குப் பொருந்தாத ஸ்பிரிங்கை உங்கள் தலைமேல் விட்டுவிட்டுப் போகிறார். ஆயுட்கால உத்தரவாதம் என்று சொன்னால் கூலியும் அதில் அடக்கமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்; பெரும்பாலும் ஸ்பிரிங்குக்கு மட்டும்தான் இருக்கும். ரோலர், கேபிள், மோட்டார் எல்லாமே மாற்ற வேண்டும் என்றால், தேய்ந்ததைக் கையில் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் எட்டாவதில் சொன்ன சோதனையை அவரையே உங்கள் முன்னால் செய்யச் சொல்லி, கதவு நடுவில் நிற்பதைப் பாருங்கள். மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் கதவின் உட்பக்கத்தில் மார்க்கரால் எழுதுவித்த பிறகு காசைக் கொடுங்கள்.