அகச்சிவப்பு எழுதுகோலும் எளிய வெண்பலகையும்

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர் ஞாயிற்றொளியை முப்பட்டைக் கண்ணாடியாற் பகுத்து, நிறந்தோறும் வெப்பமானியை வைத்து நோக்கியபோது, செந்நிறத்திற்கு அப்பால், ஒளியே தோன்றாத இடத்தில் வெம்மை மிகுந்திருக்கக் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத அக்கதிர் வகுப்பறை எழுதுகோலின் முனையில் வந்தமர்ந்த வகையை ஈண்டு ஆராய்வாம்.

எழுதுவதைக் கணிப்பொறி உடனுணரும் வெண்பலகைகள் 1990-களிலேயே விற்பனைக்கு வந்தனவெனினும், அவற்றின் விலை 1,000 டாலருக்கும் மேற்பட்டதாதலின், எளிய பள்ளிகட்கு எட்டாதனவாயின. 2007-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க நாட்டுக் கார்னிகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஜானி சங் லீ இதற்கோர் எளிய வழி காட்டினார். நிண்டெண்டோ நிறுவனத்தார் 2006-இல் வெளியிட்ட 'வீ' விளையாட்டுப் பொறியின் கைக்கருவியுள் அகச்சிவப்பொளியைக் காணும் சிறு காமிரா ஒன்றுண்டு. அஃது ஒரே காலத்தில் 4 ஒளிப்புள்ளிகளைப் பின்தொடர்ந்து, அவற்றின் இருப்பிடத்தை நொடிக்கு ஏறத்தாழ 100 முறை புளூடூத் வாயிலாகத் தெரிவிக்கும். அதன் விலையோ அந்நாளில் 40 டாலர் அளவே. எழுதுகோல் அதனினும் எளிது: அகச்சிவப்பு ஒளியுமிழ் டயோடு ஒன்று, 1.5 வோல்ட் மின்கலம் ஒன்று, அழுத்துபொத்தான் ஒன்று. இவற்றை அடக்க மை தீர்ந்த தடித்த பேனாவின் கூடு போதும். இவற்றை இணைக்கும் கணிப்பொறி நிரலையும் அவர் விலையின்றியே வழங்கினார்.

பக்கத்தினின்று நோக்கும் காமிராவுக்குப் பலகையின் செவ்வகம் கோணல் நாற்கரமாகத் தோன்றும். ஆகையால், முதற்கண் நான்கு மூலைகளையும் எழுதுகோலால் தொட்டுக் காட்டல் வேண்டும். மூன்று போதாவோ எனின், போதா. மூன்று புள்ளிகளால் ஓர் இணைகரத்தையே வரையறுக்கலாம். தொலைவிலுள்ள பக்கம் குறுகித் தோன்றும் வேறுபாட்டை அறிவிப்பது நான்காம் புள்ளியே. இலக்கியம் பயிலும் நமக்கும் கணிதம் இனிப்பது இவ்விடத்தேதான்.

குறைகளும் உள. ஆசிரியரின் உடல் எழுதுகோல் முனையை மறைப்பின் கோடு இடையறும். இதனைத் தவிர்க்க இருபுறமும் ஒவ்வொரு கைக்கருவி வைத்தாரும் உளர். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டாதலின், சாளரத்தருகே காமிரா மயங்கும். பலகையில் படத்தை வீழ்த்தும் புரொஜெக்டரும் கணிப்பொறியும் முன்னரே இருத்தல் வேண்டும் என்பதை, மலிவு மலிவு என்று புகழ்வோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அவை இரண்டும் இல்லாத பள்ளிக்கு 40 டாலர்க் கணக்கு பொருந்தாது. அவை உள்ள பள்ளிக்கோ ஓர் ஆசிரியரும் சில மாணவரும் ஒரு மாலைப்பொழுதில் முடிக்கத்தக்க வேலையே இது. 'வீ' பொறியின் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆயினமையின், அக்கைக்கருவியைப் பழம்பொருள் விற்பாரிடமே பெரும்பாலும் தேடல் வேண்டும்.