வீட்டிலேயே குணமாகும் காசநோய்

காசநோயை டி.பி. என்றும் சொல்வார்கள். இது பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். இது சாபத்தால் வருவதில்லை. பரம்பரையாகவும் வருவதில்லை. ஒரு கிருமியால் வருகிறது. 1882இல் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. அந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்குத் தொற்றுகிறது.

அந்தக் காலத்துச் சிகிச்சை

முன்பு காசநோய்க்கு மருந்து கிடையாது. நோயாளியை வீட்டை விட்டுப் பிரித்து வைப்பார்கள். வசதி உள்ளவர்கள் சானடோரியத்துக்குப் போவார்கள். அங்கே நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. இவைதான் சிகிச்சை. சென்னை அருகே தாம்பரத்தில் அப்படி ஒரு சானடோரியம் 1928இல் தொடங்கியது. அந்த இடத்தின் ரயில் நிலையத்துக்கு இன்றும் சானடோரியம் என்றுதான் பெயர்.

பிறகு நல்ல மருந்துகள் வந்தன. 1952இல் ஐசோனியசிட் என்ற மாத்திரை வந்தது. விலையும் குறைவு. ஆனால் மருந்து வந்த பிறகும் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்றே பலரும் நம்பினார்கள்.

நம் நாட்டில் நோயாளிகள் பல லட்சம் பேர். படுக்கைகளோ மிகக் குறைவு. கூலி வேலை செய்பவர் ஓராண்டு படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா? தாய் போய்விட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? வீட்டிலேயே வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்கும் நோய் பரவுமோ? இந்தக் கேள்விகளுக்கு விடை தேவைப்பட்டது.

சென்னையில் நடந்த ஆய்வு

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து இதை நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பொறுப்பேற்றார். இந்திய மருத்துவர்களும் செவிலியர்களும் அவருடன் உழைத்தார்கள்.

அவர்கள் நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். யார் எங்கே என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் போடுவது போலப் பிரித்தார்கள். அப்போதுதான் ஒப்பிடுவது நியாயமாக இருக்கும்.

இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துதான். ஓராண்டு கொடுத்தார்கள். மற்றவை எல்லாம் வேறு வேறு. சானடோரியத்தில் சத்தான சாப்பாடு கிடைத்தது. ஓய்வும் கிடைத்தது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான சிறு அறைகளில் வாழ்ந்தார்கள். அவர்களின் சாப்பாட்டில் சத்து குறைவு. பலர் வேலையும் செய்தார்கள்.

என்ன தெரிந்தது?

ஓராண்டு கழித்துச் சளியைச் சோதித்தார்கள். எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் 100க்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 100க்கு 86 பேருக்கு அடங்கியிருந்தது. பெரிய வேறுபாடு இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் இரு பிரிவினரின் நிலை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

வீட்டில் இருந்தவர்களுக்கும் தொடர்ந்து சோதனை செய்தார்கள். நோயாளி வீட்டில் தங்கியதால் அவர்களுக்கு நோய் அதிகமாக வரவில்லை. ஏன்? நோய் தெரியவரும் முன்பே அவர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்திருந்தார்கள். மருந்து தொடங்கிய பிறகோ சளியில் கிருமி வேகமாகக் குறைந்தது.

இந்த முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. பல நாடுகள் இதைப் பின்பற்றின. 1962இல் நம் நாட்டில் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியது. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடுவது அதன் அடிப்படை ஆயிற்று.

பாதியில் நிறுத்தலாமா?

ஆய்வில் செவிலியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்கள். மருந்து சாப்பிட்டாரா என்று அறியச் சிறுநீரையும் சோதிப்பார்கள். ஏன் இத்தனை கவனம்?

சில வாரங்களில் இருமல் குறையும். பசி எடுக்கும். உடம்பு தேறும். "இனி மருந்து எதற்கு?" என்று தோன்றும். ஆனால் உள்ளே கொஞ்சம் கிருமி உயிரோடு இருக்கும். மருந்தை நிறுத்தினால் அது மீண்டும் பெருகும். பிறகு அந்த மருந்துக்கே அடங்காமலும் போகலாம்.

இன்று

இப்போது சாதாரண காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் தரப்பட்டது. 2024 நவம்பரில் இது 1000 ரூபாய் ஆனது. சத்துணவும் முக்கியம். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது குறைந்தது. இந்த ஆய்வு 2023இல் வெளியானது.

நோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைக்க வேண்டாம். காசநோய் தட்டால் பரவாது. மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். அவருக்குத் தேவை தவறாமல் மருந்து, நல்ல சாப்பாடு, ஆதரவான சொல்.

நினைவில் வையுங்கள்

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள்.
2. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் ரத்தம் இவையும் அறிகுறிகள்.
3. இருமும்போது வாயைத் துணியால் மூடுங்கள். கண்ட இடத்தில் துப்பாதீர்கள்.
4. சன்னலைத் திறந்து வையுங்கள். காற்றும் வெளிச்சமும் வரட்டும்.
5. மருத்துவர் சொல்லும் வரை மருந்தை நிறுத்தாதீர்கள்.

பேசிப் பாருங்கள்

1. சென்னை ஆய்வில் இரு பிரிவினருக்கும் எது ஒன்றாக இருந்தது? எவை வேறாக இருந்தன?
2. இருமல் நின்ற பிறகும் ஏன் மருந்து சாப்பிட வேண்டும்?
3. உங்கள் தெருவில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் நீங்கள் என்ன உதவி செய்யலாம்?