எடை போடும் முன் எதை அளக்கிறோம்?

சாயக் கழிவுநீரின் நிறத்தை நீக்கும் அமைப்புக்குக் கடன் கோரும் விண்ணப்பங்கள் எங்கள் மேசைக்கு வருவதுண்டு. ராஜஸ்தானின் பாலி, குஜராத்தின் ஜேத்பூர், நம் திருப்பூர் என எவ்வூராயினும் பட்டறை உரிமையாளர் முன் நிற்கும் கேள்வி ஒன்றே: கரி, சாம்பல், களிமண் வகைகளுள் எதை வாங்குவது?

இத்தகைய தெரிவுக்குக் கணிதம் தரும் எளிய கருவி, எடையிட்ட மதிப்பெண் முறை. நாம் விரும்பும் பண்புகள் ஒவ்வொன்றுக்கும் அதன் முக்கியத்துவத்திற்கேற்ப எடை கொடுத்து, பொருள் பெறும் மதிப்பெண்ணை அவ்வெடையால் பெருக்கிக் கூட்டுகிறோம். கூட்டுத்தொகை எதற்கு மிகுதியோ அதுவே நம் விருப்பம். கடன் தகுதியை மதிப்பிடுகையில் வங்கிகளும் இதையொத்த கணக்கைப் போடுவதுண்டு.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் காண்போம். 'அ' என்னும் கரி, கிராமுக்கு அதிகபட்சம் 200 மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கும். விலை கிலோ 20 ரூபாய். 'ஆ' என்னும் கரி பிடிப்பதோ 100 மில்லிகிராம்தான். விலை 60 ரூபாய். கொள்திறன், விலை இரண்டிலும் 'அ' முந்துவதால், எந்த எடையைக் கொடுத்தாலும் அதுவே வெல்லும். வணிகவியல் பயின்ற நம்மைப் போன்றோர் இவ்விடத்திலேயே கோப்பை மூடிவிடுவோம்.

வேதியியல் அதற்கு இடம் தருவதில்லை. பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் கரி சாயத்தை உறிஞ்சுவதில்லை. சாய மூலக்கூறுகள் அதன் நுண்துளைப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். எவ்வளவு ஒட்டும் என்பது, நீரில் எவ்வளவு சாயம் எஞ்சியுள்ளது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் 1918இல் வாயுக்களுக்காக வகுத்த சமன்பாட்டையே இன்று சாயத்துக்கும் பயன்படுத்துகின்றனர். உச்சக் கொள்திறன், பிணைப்பு மாறிலி, எஞ்சிய செறிவு மூன்றையும் பெருக்குக. மாறிலியையும் செறிவையும் பெருக்கி வருவதுடன் 1 கூட்டி, அத்தொகையால் வகுக்க.

மாறிலி 'அ'வுக்கு 0.01, 'ஆ'வுக்கு 0.1 என்று கொள்வோம். வெளியேறும் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் சாயமே எஞ்சலாம் என்பது இலக்கு. அந்நிலையில் ஒரு கிராம் 'அ' பிடிப்பது ஏறத்தாழ 9.5 மில்லிகிராம், 'ஆ' பிடிப்பது 33.3. லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயமுள்ள 1,000 லிட்டர் நீருக்கு, 'அ' ஏறத்தாழ 10 கிலோ வேண்டும். செலவு 200 ரூபாய். 'ஆ' 2.85 கிலோ போதும். செலவு 171 ரூபாய். வரிசை தலைகீழாகிவிட்டது! எடைகளில் பிழையில்லை; அளந்த பொருளே பிழை. நாம் விரும்புவது மலிவான ஒரு கிலோ கரியை அன்று, தெளிந்த ஆயிரம் லிட்டர் நீரை. சாயமேறிய கரியைக் கண்ட இடத்தில் கொட்டவும் இயலாது. அதை முறைப்படி அகற்றும் கட்டணத்தையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும்.

மற்றொன்றும் உண்டு. ஆய்வகங்கள் வழக்கமாகச் சோதிப்பது மெத்திலீன் நீலத்தை. அது நேர்மின்சுமை உடையது. பருத்திக்கு இடும் ரியாக்டிவ் சாயங்களோ எதிர்மின்சுமை உடையவை. முன்னதை நன்கு பிடிக்கும் பொருள் பின்னதைக் கைவிடக்கூடும். எனவே விலைப்புள்ளி பெறும்போது, தங்கள் பட்டறைக் கழிவுநீரிலேயே செய்த சோதனையின் முடிவையும் கேட்டு வாங்குங்கள். நிறம் அகன்றாலும் உப்பு நீரிலேயே தங்கும். அதை நீக்கும் செலவைத் திட்ட அறிக்கையில் தனியே காட்டுங்கள்.