மிளகுக்கொடியும் நிழல்மரமும்

நுழையும்முன்

மலைப்பாதையில் ஏறும் பேருந்து ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, ஒலியெழுப்பி, பின்னரே திரும்புகிறது. பதின்பருவமும் வளைவுகள் நிறைந்த பாதையே. பெற்றோரின் கைபிடித்து நடந்த காலம் முடிந்து, தாமே வழி தேரும் காலம் அங்குத் தொடங்குகிறது. அப்பருவத்தில் எழும் மன அழுத்தத்தையும், வழிகாட்டலோடு தன்னுரிமையை இணைத்துக்கொள்ளும் முறையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கொல்லிமலையில் ஒரு மாணவர்

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலையை அடையலாம். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றோடு காப்பியும் மிளகும் வாழையும் அங்கு விளைகின்றன.

அம்மலைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த மாணவர் ஒருவர் என்னிடம் பதினொன்றாம் வகுப்புப் பயின்றார். தந்தையின் விருப்பப்படி உயிரியல் பிரிவில் சேர்ந்திருந்தார். மகன் மருத்துவராக வேண்டும் என்பது தந்தையின் கனவு. மகனின் மனமோ தோட்டத்தில் இருந்தது. முதல் தேர்வில் இயற்பியலில் மதிப்பெண் குறைந்தது. அதை வீட்டில் மறைத்தார். இரவில் உறக்கம் வரவில்லை. பகலில் தலைவலி என்று ஒதுங்கியிருந்தார். விடுமுறைக்குச் சென்றவர் விடுதிக்குத் திரும்பவேயில்லை. நான் அவரைத் தேடிச் சென்றேன்.

“நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஐயா. பள்ளிக்குச் செல்லப் பல கல் நடக்க வேண்டியிருந்தது. என் மகனுக்கும் இந்த மண்வெட்டிதானா?” என்றார் தந்தை. அவர் சினத்தின் அடியில் இருந்தது அச்சமே. “மதிப்பெண்ணைச் சொன்னால் அப்பாவின் முகம் வாடிவிடும் என்று அஞ்சினேன்” என்றார் மகன். ஒருவர்மீது ஒருவர் கொண்ட அன்பே இருவரையும் பேசவிடாமல் தடுத்திருந்தது.

அழுத்தம் ஏன் எழுகிறது?

உலக நல்வாழ்வு நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. இப்பருவத்தில் மூளையின் உணர்ச்சி சார்ந்த பகுதிகள் விரைந்து தூண்டப்படுகின்றன. திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் உதவும் முன்நெற்றிப் பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, சிறு தோல்வியும் பெரும் வீழ்ச்சியாகத் தோன்றுகிறது. இது குணக்கேடு அன்று. வளர்ச்சியின் ஒரு நிலை.

அளவான அழுத்தம் நம்மை ஆயத்தப்படுத்தும். அது நாள்கணக்கில் நீடித்தால் உறக்கம், பசி, கவனம் ஆகிய மூன்றையும் குலைக்கும். பதின்பருவத்தினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணிநேர உறக்கம் தேவை. உறக்கத்தைக் குறைத்துப் படிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

கட்டும் நிழலும்

அன்று தந்தை எங்களைத் தம் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடிகள் ஏறியிருந்தன. இளங்கொடி ஒன்றை அவர் வாழைநாரால் மரத்தோடு தளர்வாகக் கட்டினார்.

“இந்தக் கட்டு எதுவரை வேண்டும்?” என்று கேட்டேன்.

“கணுவில் வேர்விட்டு மரத்தைத் தானே பற்றும்வரை, ஐயா. அதன்பின்னும் விட்டுவைத்தால் தண்டை இறுக்கிவிடும்.”

“மரத்தின் கிளைகளை ஏன் கழிக்கிறீர்கள்?”

“நிழலே இல்லையென்றால் இளங்கொடி கருகும், நிழல் மிகுந்தால் காய்க்காது.” சொல்லி முடித்தவர், மகனை நோக்கியவாறு நெடுநேரம் பேசாதிருந்தார்.

அமெரிக்க உளவியலறிஞர் டயானா பாம்ரிண்ட் 1960களில் குழந்தை வளர்ப்பு முறைகளை மூன்றாக வகுத்தார். கேள்விக்கு இடமின்றிக் கீழ்ப்படியச் செய்வது ஒன்று. எல்லையே வகுக்காமல் விட்டுவிடுவது மற்றொன்று. எல்லையை வகுத்து, அதற்குரிய காரணத்தையும் கூறி, பிள்ளையின் சொல்லுக்குச் செவிசாய்ப்பது மூன்றாவது. இம்மூன்றாம் முறையே நன்மை பயக்கும் என்றார் அவர். அந்த உழவர் தம் கொடிகளுக்கு அதையே செய்துவந்தார்.

ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் இதே நெறியில் அமைந்துள்ளது. வளர்ந்துவரும் திறனுக்கேற்பப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பொறுப்பும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு என்கிறது அதன் 5ஆம் பிரிவு. தம்மைப் பற்றிய முடிவுகளில் கருத்துக்கூறும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்கிறது 12ஆம் பிரிவு. இந்தியா 1992இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

நடுவழி

அன்று மாலை மூவரும் அமர்ந்து பேசினோம். உயிரியல் பிரிவில் பயின்றோர் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை இருவருமே அறிந்திருக்கவில்லை. காலாண்டுத் தேர்வுவரை முழு முயற்சியுடன் படிப்பதாக மகன் ஒப்புக்கொண்டார். எம்மதிப்பெண்ணையும் மறைப்பதில்லை என்றும் உறுதிகூறினார். அதன்பின் படிப்பைப் பற்றி மகனோடு கலந்தே முடிவெடுப்பதாகத் தந்தை கூறினார். விடுமுறையில் இருபது கொடிகளை மகன் பொறுப்பிலேயே விடவும் இசைந்தார். மருத்துவக் கனவை அவர் முற்றிலும் கைவிடவில்லை. ஆயினும், மகனின் கனவைக் கேட்கத் தொடங்கினார்.

தன்னுரிமை என்பது பெற்றோரை விலக்குவதன்று, பொறுப்பை ஏற்பதாகும். சொன்ன நேரத்தில் வீடு திரும்புதல், செலவுக்குக் கணக்குக் காட்டுதல், தோல்வியை மறைக்காமல் கூறுதல் ஆகிய சிறு செயல்களால் நம்பிக்கை வளர்கிறது. நம்பிக்கை வளர வளரக் கட்டு தளர்கிறது. வீட்டில் பேச இயலாதபோது ஆசிரியரிடம் பேசலாம். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும், 14416 என்னும் மனநல உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். உதவி கேட்பது இழிவன்று. பற்றுவேர் இல்லாத கொடி உயரம் ஏறுவதில்லை.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டில் நீவிர் தனித்து முடிவெடுக்கும் செயல்களையும், பெற்றோரோடு கலந்து முடிவெடுக்கும் செயல்களையும் பட்டியலிடுக.
2. தந்தையின் அச்சம், மகனின் அச்சம் – இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
3. உம் பெற்றோர் பதினாறு வயதில் விரும்பியது யாது என வினவி அறிந்து, வகுப்பறையில் பகிர்க.