தங்கையை முதலில் கூட்டி வா

அத்திப்பட்டு

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் தங்கை கவரைப்பேட்டையில் படும் பாட்டை உன் அம்மா போனில் சொல்லி அழுதாள். நீ போய் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடிக்கப் போகிறாயாம். வேண்டாமப்பா. ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் அவளை அழைத்துக்கொண்டு லோக்கல் ரயில் ஏறு. நம் வீடு இருக்கிறது.

"கல்யாணமான ஏழு வருடத்துக்குள் ஏதாவது ஆனால் சட்டம் அவர்களை விடாது" என்கிறாராம் உன் அப்பா. அதை நம்பியா பெண்ணை அங்கே விட்டுவைப்பது? பொன்னேரி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், கேள். வரதட்சணைச் சாவுக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 304பி என்றிருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 80ஆம் பிரிவு. குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ஆனால் பெண் இறந்ததை மட்டும் காட்டினால் போதாது. சாவுக்குச் சற்று முன்பு வரதட்சணை கேட்டுக் கொடுமை நடந்ததை நம் தரப்பு நிரூபித்தால்தான், கணவன் வீட்டார்மேல் சட்டத்தின் அனுமானம் விழும். 'சற்று முன்பு' என்றால் முந்தின நாளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கொடுமைக்கும் சாவுக்கும் தொடர்பு அறுபடாமல் இருக்க வேண்டும் என்று 2021இல் சத்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மானம் போகும் என்று நாம் ஒவ்வொரு முறையும் மூடி மறைத்து அவளைத் திருப்பி அனுப்பியிருந்தால், அந்தத் தொடர்பை எதைக் கொண்டு காட்டுவது? "அப்போதே ஏன் புகார் கொடுக்கவில்லை?" என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

2025 ஜூனில் நம் பொன்னேரியில், கல்யாணமாகி நான்கே நாளில் ஒரு பெண் போய்விட்டாள். அதே மாதம் அவிநாசிப் பக்கம் ஒரு பெண், அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை அனுப்பிவிட்டு உயிரை விட்டாள். ஆர்.டி.ஓ. விசாரணை, கைது எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

உயிரோடிருக்கும் பெண்ணுக்கு அதே சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு இருக்கிறது. கொடுமைக்கு 3 ஆண்டு வரை தண்டனை. தாய்வீட்டில் இருந்தபடியே புகார் கொடுக்கலாம் என்று 2019இல் ரூபாலி தேவி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அடிபட்டிருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. வழுக்கி விழுந்தேன் என்று அவள் சொல்லக்கூடாது; யார் அடித்தது, எதற்காக என்பதை டாக்டரிடம் சொல்லட்டும், ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் ஏறட்டும். பிறகு மகளிர் ஸ்டேஷனில் எழுத்தில் புகார். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதே. சமாதானம் பேசி அனுப்பப் பார்த்தாலும் அந்த ரசீது கையில் இருக்க வேண்டும்.

நகை பில், அவர்களுக்காக வைத்த அடகுச் சீட்டு, ஜிபே கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வை. அவள் போனில் எதையும் அழிக்காதே, வெட்டி ஒட்டாதே; அந்த போனே சாட்சி. சீர் கொடுத்ததற்கு நம்மேலேயே கேஸ் வரும் என்று அப்பா பயந்தால், பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர்மேலேயே வழக்குப் போட முடியாது என்று 1961 வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்வதைப் படித்துக் காட்டு.

அவளை வெளியே விட மறுத்தால் கைகலப்பு வேண்டாம், வாசலில் நின்றே 112க்கு அடி. பெண்கள் உதவி எண் 181ஐ அவள் நம்பரில் இருந்தே கூப்பிடச் சொல். ரயில் ஏறியதும் எனக்குச் சொல், ஸ்டேஷனில் நிற்கிறேன்.

உன் பெரியப்பா