ஒரு ஊசி ஒருவருக்கே

சித்தூர், கங்காதர நெல்லூர் பக்கத்து மக்கள் பெரிய நோய் என்றால் வேலூருக்குப் போவார்கள். சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர். நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகத் தெரிய வந்ததும் அந்த வேலூரில்தான். ஆண்டு 1986.

அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் பேராசிரியராக இருந்தார். அவரிடம் படித்த மாணவி டாக்டர் நிர்மலா. நிர்மலா சென்னையில் பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். அதை ரயிலில் வேலூருக்குக் கொண்டு போனார். சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தார்கள். சிலருடைய ரத்தத்தில் கிருமி இருந்தது.

கிருமி என்ன செய்கிறது?

நம் உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. எச்.ஐ.வி. அந்தச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். மருந்து சாப்பிடாவிட்டால் பல ஆண்டுகள் கழித்து வேறு நோய்கள் தாக்கும். அந்த நிலைக்கு எய்ட்ஸ் என்று பெயர். அதுவரை ஆள் நன்றாகவே இருப்பார். பார்த்தால் தெரியாது. சோதித்தால்தான் தெரியும்.

ஊசியில் எப்படி வருகிறது?

போதைக்காக நரம்பில் ஊசி போடும்போது, போடுபவரின் ரத்தம் ஊசிக்குள் வரும். கொஞ்சம் ரத்தம் உள்ளேயே தங்கிவிடும். அதே ஊசியை அடுத்தவர் போட்டால் அந்த ரத்தம் நேராக அவர் ரத்தத்தில் கலக்கும். ஊசிக்குள் கிருமி பல நாட்கள் உயிரோடு இருக்கலாம். மஞ்சள் காமாலை தரும் கிருமிகளும் இப்படியே பரவும்.

மணிப்பூரில் இது நடந்தது. 1989-90இல் போதை ஊசி போட்டவர்களிடம் எச்.ஐ.வி. தெரிய வந்தது. ஓராண்டுக்குள், சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிருமி இருந்தது. ஒரே ஊசி பல கைகளுக்குப் போனதுதான் காரணம். பிறகு அவர்களின் மனைவிமாருக்கும் பரவியது.

ஒரு தாயின் கேள்விகள்

மகனின் சட்டைப் பையில் ஒரு தாய் ஊசியைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நர்சம்மாவிடம் போகிறார்.

"நர்சம்மா, என் மகன் போதை ஊசி போடுறான். கூட்டாளிகளுக்கும் அதே ஊசிதானாம். தண்ணியில கழுவித்தான் போடுறாங்களாம். அது போதாதா?"

"போதாதும்மா. ஊசியின் ஓட்டை ரொம்பச் சின்னது. உள்ளே ஒட்டின ரத்தம் கழுவினாலும் முழுசாகப் போகாது. ஒவ்வொரு தடவையும் புது ஊசிதான் வேணும். மருந்து கலக்கும் கரண்டி, பஞ்சு, தண்ணியையும் பங்கு போடக்கூடாது."

"வீட்டை விட்டுத் துரத்திடலாமான்னு அவன் அப்பா சொல்றார்."

"துரத்தினா ஒளிஞ்சு போடுவான். ஆபத்து கூடும். சோதனைக்குக் கூட்டிட்டு வாங்க. அரசு மருத்துவமனையில் இலவசம். ஐ.சி.டி.சி. எங்கேன்னு கேளுங்க. முடிவை வெளியே சொல்லமாட்டாங்க. இப்ப கிருமி இல்லைன்னு வந்தாலும் 3 மாசம் கழிச்சு மறுபடியும் சோதிக்கணும். புதுசா வந்த கிருமி உடனே தெரியாது."

"மருமகளுக்கு?"

"அவங்களும் சோதிக்கணும். அதுவரைக்கும் ஆணுறை கட்டாயம்."

"போதையை எப்படி விடுவான்?"

"திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காம மறுபடியும் ஊசியைத் தேடுவான். ஹெராயின் மாதிரி போதைக்கு, ஊசிக்குப் பதிலா நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருக்கு. சில அரசு மையங்களில் இலவசமாத் தர்றாங்க. நர்ஸ் சொல்றபடி போடணும். ஊசி நின்னா ஆபத்தும் குறையும்."

கிருமி இருந்தால்?

வாழ்க்கை முடிந்துவிடாது. 2004 முதல் அரசு இலவசமாக மருந்து தருகிறது. இந்த மருந்து கிருமியை முழுவதும் ஒழிக்காது, அடக்கி வைக்கும். தினமும் தவறாமல் சாப்பிட்டால் நெடுநாள் நலமாக வாழலாம். கர்ப்பிணி மருந்து சாப்பிட்டால் குழந்தைக்கு வராமல் பெரும்பாலும் தடுக்கலாம்.

தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், கொசு கடித்தால் எச்.ஐ.வி. பரவாது. 2017இல் ஒரு சட்டம் வந்தது. கிருமி உள்ளவர் என்பதற்காகவே வேலை, பள்ளி, சிகிச்சை எதையும் மறுக்கக்கூடாது. சம்மதம் இல்லாமல் சோதிக்கவும் கூடாது.

நினைவில் வையுங்கள்

1. ஒரு ஊசி ஒருவருக்கே. ஒரு தடவைக்கே.
2. எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097.
3. போதையிலிருந்து மீள உதவி கேட்க 14446.

பேசிப் பாருங்கள்

1. ஊசியைக் கழுவினால் ஏன் போதாது?
2. 3 மாதம் கழித்து ஏன் மறுபடியும் சோதிக்க வேண்டும்?
3. அந்தத் தாயின் கணவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?