ஒளியைப் பயின்ற மாணவர்

கட்கி நிலையத்தில் உள்ளூர்த் தொடர்வண்டியில் ஏறிப் புணே நோக்கிச் சென்றால், அடுத்த நிலையம் சிவாஜிநகர். அங்கிருந்து சற்றுத் தொலைவில் சட்டக் கல்லூரிச் சாலை உள்ளது. இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனம் அமைந்திருப்பது அச்சாலையில்தான். 1960ஆம் ஆண்டு அந்நிறுவனம் தொடங்கப்பெற்ற இடம் அதற்கு முன்னரே திரையுலகில் புகழ்பெற்றதாகும். மராத்தியில் 'சந்த் துக்காராம்' படத்தை 1936இல் எடுத்த பிரபாத் நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளம் அங்கேதான் இருந்தது. அதே பிரபாத் நிறுவனம் 1930களில் 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப் படத்தையும் தயாரித்தது. புணேக்கும் தமிழ்த் திரைக்கும் உள்ள உறவு நாம் எண்ணுவதைவிடப் பழையது.

அந்நிறுவனத்திற்கு 1966இல் கடல் கடந்து ஒரு மாணவர் வந்தார். அவர் இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. பள்ளிப் பருவத்தில் சுற்றுலா சென்றபோது, இலங்கையில் நடைபெற்ற ஓர் ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பை அவர் கண்டார். இயக்குநர் கேட்டவுடன் மழை பொழிந்த அந்தக் காட்சி அவர் உள்ளத்தில் பதிந்துவிட்டது. தாமும் ஓர் இயக்குநர் ஆக வேண்டும் என்று விரும்பினார். ஆனால் புணேயில் அவருக்கு ஒளிப்பதிவுப் பிரிவில்தான் இடம் கிடைத்தது. விரும்பிய பாடம் கிடைக்கவில்லை என்று ஊர் திரும்பியிருக்கலாம், அவர் திரும்பவில்லை. கிடைத்ததைக் கற்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் ஒளிப்பதிவு கற்பது எளிதன்று. இன்று கைப்பேசியில் எடுத்த படத்தை அப்பொழுதே பார்த்து, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடுகிறோம். அன்று படச்சுருளில்தான் பதிவு செய்ய வேண்டும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்குப் பதினாறு சட்டகங்கள். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு சட்டகங்கள் ஓடும். ஆகவே 400 அடிச் சுருள் ஏறத்தாழ நான்கரை நிமிடங்களில் தீர்ந்துவிடும். சுருளின் விலையும் மிகுதி. எனவே பயிற்சிக்கு வரும் சுருளில் ஓர் அடியும் வீணாகாதபடி, முதலிலேயே பலமுறை ஒத்திகை பார்ப்பர். ஒளிமானியால் வெளிச்சத்தை அளந்து, ஒளித்துளையின் அளவைக் கணக்கிட்டு, அதன் பிறகே கருவியை இயக்குவர். கணக்குச் சரியா தவறா என்பது உடனே தெரியாது. சுருள் ஆய்வுக்கூடத்தில் கழுவப்பெற்றுத் திரையில் ஓடும்போதுதான் தெரியும். அதுவரை மாணவருக்கு உறக்கம் வருமா?

தனியாக இருந்து கற்கும் படிப்பும் அன்று அது. பட்டயப் படிப்பின் இறுதியில் எடுக்கும் படத்தில் இயக்கம் பயில்பவர், ஒளிப்பதிவு பயில்பவர், ஒலிப்பதிவு பயில்பவர், படத்தொகுப்பு பயில்பவர் ஆகியோர் ஒரே குழுவாக உழைக்க வேண்டும். ஒருவர் ஒலிவாங்கியைத் தவறாகப் பிடித்தால் அதன் நிழல் மற்றவர் எடுக்கும் காட்சியில் விழும். கருத்து வேறுபாடும் வாக்குவாதமும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகளே. வளாகத்தில் 'ஞான மரம்' என்று மாணவர் அழைக்கும் மாமரம் ஒன்று உண்டு. வகுப்பில் முடியாத வாதங்கள் பெரும்பாலும் அதன் நிழலில் தொடர்ந்தன. மாலையில் உலகின் பல மொழிப் படங்கள் திரையிடப்பெறும். வங்காளியும் மலையாளியும் பஞ்சாபியும் இலங்கைத் தமிழரும் ஒரே இருட்டில் அமர்ந்து, தமக்குத் தெரியாத மொழியில் அமைந்த படத்தைக் கண்டனர்.

பாலு மகேந்திரா 1969இல் தங்கப் பதக்கத்துடன் வெளிவந்தார். அவருடைய பட்டயப் படத்தைக் கண்ட இயக்குநர் ராமு காரியாத், மலையாளத்தில் 'நெல்லு' என்னும் படத்திற்கு ஒளிப்பதிவு செய்ய அவரை அழைத்தார். 1977இல் கன்னடத்தில் 'கோகிலா'வை அவரே இயக்கினார். அதன் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. பள்ளி நாளில் கண்ட கனவு, வேறொரு வாயில் வழியாக நிறைவேறியது. சன்னல் வழியே வரும் இயல்பான வெளிச்சத்தையே பெரிதும் நம்பி அவர் எடுத்த 'மூன்றாம் பிறை', 'வீடு' ஆகிய படங்களை இன்றும் ஒளிப்பதிவு மாணவர்கள் ஆர்வத்துடன் பார்க்கின்றனர்.

இத்தகைய கல்வி புணேயில் மட்டும் இருந்ததன்று. புணே நிறுவனத்திற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, 1945இல், சென்னை மத்திய பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பொறியியலும் பட்டயப் படிப்புகளாகத் தொடங்கப்பெற்றன. பொறியியலும் திரைக்கலையும் ஒரே பாலிடெக்னிக்கில் கற்பிக்கப்பட்டன! அப்பிரிவே வளர்ந்து தரமணியில் தனி நிறுவனமாக விளங்குகிறது. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். 1986இல் வெளிவந்த 'ஊமை விழிகள்' திரைப்படக் கல்லூரி மாணவர்களின் கூட்டு உழைப்பால் உருவானது. மாணவர்களால் பெரிய படம் எடுக்க இயலுமா என்ற ஐயத்திற்கு அப்படத்தின் வெற்றியே விடையாயிற்று.

பாலு மகேந்திரா முதுமையில் ஆசிரியரானார். சென்னையில் 'சினிமா பட்டறை' என்னும் பயிற்சிப் பள்ளியை நடத்தினார். அங்கே கருவிகளைத் தொடுவதற்கு முன் மாணவர்கள் தமிழ்ச் சிறுகதைகளைப் படிக்க வேண்டும்; படித்ததைப் பற்றித் தமிழில் எழுதவும் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
சட்டகம் – படச்சுருளில் உள்ள ஒரு தனிப்படம்
ஒளிமானி – வெளிச்சத்தை அளக்கும் கருவி
ஒளித்துளை – ஒளி உட்புகும் வழி
ஐயம் – சந்தேகம்

பயிற்சி
1. பாலு மகேந்திரா விரும்பிய பிரிவு எது? அவருக்குக் கிடைத்த பிரிவு எது?
2. 1000 அடிப் படச்சுருள் எத்தனை நிமிடங்கள் ஓடும்? கணக்கிட்டு எழுதுக.
3. படச்சுருளில் பதிவு செய்வதற்கும் கைப்பேசியில் பதிவு செய்வதற்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
4. உங்கள் வீட்டுச் சன்னல் அருகே காலையிலும் மாலையிலும் வெளிச்சம் எவ்வாறு மாறுகிறது? ஐந்து தொடர்களில் எழுதுக.